வளைந்து கொடுத்த உருளை

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ‘ஒரு பேரிங் கம்பெனியின் வரலாறு’. அவர்கள் மனத்தில் இருந்தது எஸ்.கே.எஃப் அல்லது டிம்கன் என்று எனக்குத் தெரியும். இந்த மலரை வாங்கிப் புரட்டப்போகிற உதிரிபாகக் கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் தினமும் கையில் எடுக்கும் பெட்டிகள் அவை. நான் எடுத்துக்கொண்டதோ எந்த அலமாரியிலும் இன்று பெட்டி இல்லாத ஒரு கம்பெனி: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹாரிசன் என்ற ஊரில் இருந்த ஹையாட் ரோலர் பேரிங் கம்பெனி. பிழைத்திருப்பவர்களின் வரலாற்றை அவர்களே எழுதிக்கொள்வார்கள். ஃபோர்டின் டி மாடல் காரைத் தாங்கிவிட்டுப் போனவர்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு பழைய கார் சேகரிப்பாளர் வீட்டில், மண்ணெண்ணெயில் கழுவிச் செய்தித்தாளின் மேல் வைத்திருந்த ஹையாட் உருளையை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நமக்குப் பழக்கமான கெட்டி உருளை இல்லை அது. தட்டையான எஃகுப் பட்டையைச் சுருட்டிச் சுருட்டிச் செய்த குழல். உள்ளே வெற்றிடம். பேனா ஸ்பிரிங்கை இடைவெளி இல்லாமல் நெருக்கி, கனமாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. இதைப் போய் ஒரு காரின் பின் ஆக்சிலில் போடுவார்களா என்று முதலில் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கம்பெனியின் வரலாறே வந்துவிடுகிறது.

மாட்டு வண்டியில் அச்சு சுழலாது, சக்கரம்தான் சுழலும். குதிரை வண்டியிலும் அப்படியே. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே மை தடவிக் கடையாணி போட்டால் வேலை முடிந்தது. முதல் தலைமுறைக் கார்களில் பல இந்த ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. அச்சைச் சும்மா கிடக்கவிட்டு, பக்கத்துக்கொரு செயின் போட்டுச் சக்கரத்தை இழுத்தார்கள். 1901இல் வந்து ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்த மெர்சிடிஸ்கூடச் செயின் வண்டிதான். ஆனால் 1898இல் பிரான்சில் லூயி ரெனோ என்ற இளைஞர், எஞ்சினிலிருந்து ஒரு ஷாஃப்டை நேரே பின்னுக்குக் கொண்டுபோய், பல்சக்கரம் வழியாக அச்சையே சுழற்றும் காரை ஓட்டிக் காட்டினார். செயின் சத்தம் போயிற்று, செயினில் ஒட்டும் சேறும் போயிற்று. ஆனால் அதுவரை அசையாமல் கிடந்த அச்சுக்கு உயிர் வந்துவிட்டது. பாரத்தையும் சுமக்க வேண்டும், சுழலவும் வேண்டும்.

பின் ஆக்சிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காரின் பாரம் ஆக்சில் ஷாஃப்டை நுனியில் மயிரிழை அளவு வளைக்கும். கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்களும் ஒன்றையொன்று சுழற்றும்போதே ஒன்றையொன்று விலக்கியும் தள்ளும். அதற்குமேல், வளைவில் திரும்பும்போது சக்கரம் ஷாஃப்டைப் பக்கவாட்டில் உதைக்கும். ஆக, பேரிங்குக்கு மூன்று சோதனை. பாரத்தைத் தாங்க வேண்டும், வளைவைப் பொறுக்க வேண்டும், பக்க உதையை நிறுத்த வேண்டும். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்றையும் ஒருங்கே, மலிவாகச் செய்யும் பேரிங் சந்தையில் இல்லை. எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விட்டார்கள் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு.

வெண்கலப் புஷ் மலிவு. ஆனால் உராயும், சூடாகும். சைக்கிள் தொழிலிலிருந்து வந்த கப்-கோன் பால் பேரிங் லேசான வண்டிக்குச் சரி, கனத்துக்கு உடையும். ஜெர்மனியில் வேறு தரத்தில் வேலை நடந்தது. ஷ்வைன்ஃபுர்ட் ஊரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் 1883இலேயே எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருட்டி அரைக்கும் எந்திரம் செய்திருந்தார். பெர்லின் பக்கம் ரிச்சர்ட் ஷ்ட்ரிபெக் ஒரு குண்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சோதித்துக் கணக்காக்கினார். அந்தக் கணக்கின்மேல் எழுந்த பால் பேரிங்குகள் அருமையானவை. விலையும் அருமையானது. வசதியானவர் வாங்கும் காரில் அவற்றைப் போடலாம். விவசாயி வாங்கும் காருக்கு?

ஜான் வெஸ்லி ஹையாட்டுக்கும் காருக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. 1837இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அச்சகத் தொழிலாளி அவர். பில்லியர்ட்ஸ் பந்து செய்ய யானைத் தந்தம் தட்டுப்பாடாகிவிட்டது, மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று ஒரு நிறுவனம் அறிவிக்க, அதைத் துரத்திக்கொண்டு போனவர் செல்லுலாய்டில் வந்து நின்றார். நம் தாத்தாக்கள் காலத்துச் சீப்பும் சினிமாச் சுருளும் அந்தப் பொருள்தான். அந்தப் பந்துகள் சில சமயம் மோதும்போது வெடி போலச் சத்தம் கொடுத்ததாம். கொலராடோவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர், பந்து வெடிப்பதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியை உருவுகிறார்கள் என்று கடிதம் எழுதியதாக ஹையாட்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஒரு தொழிலில் நிலைத்து உட்காரும் ஆளில்லை. தண்ணீர் வடிகட்டி செய்தார், தையல் எந்திரம் செய்தார், கரும்பு பிழியும் ஆலை ஒன்றும் செய்தார். பேரிங் பிறந்தது அந்தக் கரும்பாலையில். ஆலை உருளைக்கு நடுவே கரும்பு ஒரு பக்கம் கட்டாக விழும், மறு பக்கம் ஒற்றைத் தட்டையாக விழும். பாரம் ஒரு நொடியும் சீராக இருக்காது, ஷாஃப்ட் நெளியும். கெட்டி உருளை பேரிங்காக இருந்தால் ஷாஃப்ட் நெளியும்போது பாரம் முழுவதும் உருளையின் ஒரு விளிம்பில் ஏறும். விளிம்பு நொறுங்கும். ஹையாட் எஃகுப் பட்டையைச் சுருட்டி, வளைந்து கொடுக்கிற உருளை செய்தார். ஷாஃப்ட் நெளிந்தால் உருளையும் கூட நெளியும், பாரம் நீளம் முழுவதும் பரவும். ஒரு உருளையை வலம்சுற்றாகவும் அடுத்ததை இடம்சுற்றாகவும் மாற்றி மாற்றிக் கூட்டில் அடுக்கியதால், சுருள் இடுக்குகளே எண்ணெயை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தன. குழலின் வயிறு எண்ணெய்க் கிண்ணம். 1892இல் இதை வைத்துக் கம்பெனி தொடங்கினார்.

கம்பெனி நடந்தது என்று சொல்ல முடியாது, தவழ்ந்தது. 1895இல் அங்கே வரைபடம் போட ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஆல்ஃபிரட் ஸ்லோன். எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்த சூடு ஆறாத இருபது வயது, மாதம் 50 டாலர் சம்பளம். இடையில் குளிர்பதனக் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பியும் வந்தான். பணம் போட்டுக்கொண்டிருந்த சர்க்கரைத் தொழில் முதலாளி ஒரு நாள் இனி ஒரு காசு தர முடியாது என்று கையை விரித்தார். ஸ்லோனின் தந்தை தேயிலை, காப்பி வியாபாரி. அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் சேர்ந்து 5,000 டாலர் போட்டார்கள். ஆறு மாதத்தில் கம்பெனியைத் தூக்கி நிறுத்திக் காட்டு, முடியாவிட்டால் மூடிவிடு என்பது நிபந்தனை. ஸ்லோனும், பீட்டர் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற நார்வேக்காரக் கணக்கரும் சேர்ந்து ஆறு மாதத்தில் 12,000 டாலர் லாபம் காட்டினார்கள். அந்தக் கணக்கர்தான் பிறகு விற்பனைக்கு ஊர் ஊராக அலைந்தவர். நம் தொழிலில் கணக்குப்பிள்ளையே சேல்ஸ்மேன் ஆவது புதிதா என்ன?

1899இல் இண்டியானா மாநிலத்துக் கொகோமோ ஊரிலிருந்து எல்வுட் ஹெய்ன்ஸ் என்பவர் விசாரணைக் கடிதம் எழுதினார். அமெரிக்காவில் கார் செய்த முன்னோடிகளில் ஒருவர் அவர். ஸ்டீன்ஸ்ட்ரப் ரயிலேறிப் போய் ஆர்டரோடு திரும்பினார். கார்த் தொழிலுக்குள் ஹையாட் நுழைந்த வாசல் அதுதான். அடுத்து ஓல்ட்ஸ் கார்க் கம்பெனி வந்தது. இன்னொரு முக்கியமான வாடிக்கையாளர் கார் செய்பவரே இல்லை, ஆக்சில் செய்பவர். வெஸ்டன்-மாட் கம்பெனியின் சார்லஸ் மாட், சைக்கிளுக்குக் கம்பிச் சக்கரம் செய்துகொண்டிருந்தவர், சைக்கிள் மோகம் தணிந்ததும் கார் ஆக்சிலுக்கு மாறி, கடையையே யூடிகா ஊரிலிருந்து ஃபிளின்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைய கார்க் கம்பெனிகளில் பல ஆக்சிலை வெளியில் வாங்கிப் பூட்டின. அதனால் எந்த பேரிங் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் காரின் பெயர்ப் பலகையில் இல்லாதவர்கள். பழைய கார் புத்தகங்களில் இந்த விஷயம் ஒரு வரியோடு போய்விடுகிறது. பேரிங் விற்றவனைக் கேட்டால்தான் தெரியும்.

ஹையாட் உருளை ஏன் அந்த ஆக்சில்களுக்குப் பிடித்தது? அன்றைய ஆக்சில் ஹவுசிங் துல்லியமானது இல்லை. வார்ப்பு, குழாய், ரிவெட், போல்ட் எல்லாம் சேர்த்து ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும். நின்றதில்லை. ஷாஃப்ட் புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் கோணல், குழிப் பாதையில் ஓடியபின் இன்னும் கோணல். பால் பேரிங் அந்தக் கோணலை மன்னிக்காது. சுருள் உருளை மன்னித்தது. வெளிப்படையாகச் சொன்னால், ஹையாட் விற்றது துல்லியத்தை அல்ல, பொறுமையை.

அந்தப் பொறுமை கம்பெனிக்குள்ளும் பரவியிருந்தது என்பது டெட்ராய்டில் தெரியவந்தது. காடிலாக்கின் ஹென்றி லேலண்டு பழைய துப்பாக்கித் தொழிலாளி. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும் கோல்ட்டிலும் பிறகு பிரௌன் அண்ட் ஷார்ப்பிலும் கை தேர்ந்தவர். அங்கெல்லாம் ஒரு பாகத்தை எடுத்து இன்னொன்றில் போட்டால் அராவாமல் பொருந்த வேண்டும். ஹையாட் பேரிங் பற்றிப் புகார் வந்து ஸ்லோன் போய் நின்றபோது, வெள்ளைத் தாடிக் கிழவர் மேஜைமேல் சில பேரிங்குகளையும் ஒரு மைக்ரோமீட்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாக அளந்து காட்டினார். ஒன்றும் ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ஆயிரக்கணக்கில் கார் செய்வதாக இருந்தால் முதலாவது பேரிங்கும் கடைசி பேரிங்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்று முதல்தான் பெருமளவு உற்பத்தி என்றால் என்ன என்று தனக்குப் புரிந்தது என்று ஸ்லோன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1908இல் லண்டன் அருகே புரூக்லேண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று காடிலாக்குகளைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, மறுபடி பூட்டி ஓட்டிக் காட்டிப் பரிசு வாங்கிய மனிதரிடம் படித்த பாடம். பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்தான்.

அதே 1908இல் அக்டோபரில் ஃபோர்டின் டி மாடல் வந்தது. 850 டாலர். பின்னர் விலை இறங்கி இறங்கி 300 டாலருக்கும் கீழே போனது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார். ஹையாட்டின் உண்மையான வாழ்வு இதுதான். ஆகவே அந்தப் பின் ஆக்சிலைக் கொஞ்சம் நிதானமாகத் திறந்து பார்க்கலாம்.

ஹவுசிங் இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டாகச் செய்து நடுவில் போல்ட் போட்டு இணைத்தது. ஆக்சில் ஷாஃப்ட் சுழலுமிடத்தில் ஹையாட்டின் சுருள் உருளைகள். வெளிப்பக்கம் அவை ஓடுவது ஹவுசிங்குக்குள் செருகிய பிளவுபட்ட எஃகுத் தகட்டு உறையில். உள்பக்கம் ரேஸ் என்று எதுவும் தனியாகக் கிடையாது, உருளை ஷாஃப்டின் மேலேயே ஓடும். ஒரு பாகம் மிச்சம், ஒரு செலவு மிச்சம். உறை தேய்ந்தால் கழற்றி வேறு போடலாம், சில்லறைக் காசு. ஷாஃப்டும் சேர்ந்து தேய்ந்தால்தான் தலைவலி. சக்கரத்தில் ஆட்டம் வரும், எண்ணெய் கசிந்து சக்கரத்தில் உள்ள பிரேக்குக்குப் போகும். டி மாடல் வைத்திருந்தவர்களுக்கு எண்ணெய் ஒழுகும் பின் சக்கரம் புதுமையில்லை.

பக்க உதையைப் பற்றிச் சொன்னேனே, நேர் உருளையால் அது ஆகாது. சுருண்டாலும் சுருளாவிட்டாலும் நேர் உருளை ஷாஃப்டோடு பக்கவாட்டில் வழுக்கத்தான் செய்யும். ஃபோர்டு அதற்கு டிஃபரன்ஷியலின் இருபுறமும் த்ரஸ்ட் வாஷர் வைத்தார்: இரண்டு எஃகு வளையங்கள், நடுவே பாபிட் வளையம். பாபிட் என்பது நம்மவர்கள் வெள்ளை மெட்டல் என்று சொல்லும் அதே ஈயக் கலவைக் குடும்பம். மென்மையானது, உராய்வு குறைவு, விலை மலிவு. வயதானால் பொடியும். பாபிட் பொடிந்து எண்ணெயில் கரைந்துபோனால் கிரவுன் சக்கரம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும், பினியனைவிட்டுப் பல் விலகிவிடும். டி மாடலின் கால் பிரேக் எஞ்சினை ஒட்டிய கியர்ப்பெட்டிக்குள் இருக்கிறது. பல் விலகினால் கியர்ப்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் உறவு முடிந்தது. எஞ்சின் இழுக்காது, அது போகட்டும். கால் பிரேக்கும் பிடிக்காது. இறக்கத்தில் இது நடந்தால் மிஞ்சுவது கை லீவரில் இருக்கும் ஒரு பலவீனமான பிரேக்கும் குலதெய்வமும்தான். இன்று பழைய டி மாடலைச் சீர் செய்கிறவர்கள் ஆக்சிலைத் திறந்ததும் முதல் வேலையாகப் பாபிட்டை எடுத்துவிட்டு வெண்கல வாஷர் போடுகிறார்கள்.

இதற்காக ஃபோர்டைத் திட்டுவது எளிது. நான் திட்டமாட்டேன். அந்த விலைக்கு, அந்தப் பாதைக்கு, கிராமத்துக் கொல்லரே கழற்றி மாட்டும்படி வேறு என்ன போட்டிருக்க முடியும்? பாரத்துக்கும் வளைவுக்கும் ஹையாட், பக்க உதைக்கு பாபிட் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். முதலாமவர் ஏமாற்றவில்லை. இரண்டாமவர் பல ஆண்டு உழைத்த பிறகே கைவிட்டார்.

இரண்டு பொறுப்பையும் ஒருவரிடமே கொடுக்கலாம் என்றவர் ஹென்றி டிம்கன். ஜெர்மனியில் 1831இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து, செயின்ட் லூயிஸில் கோச்சு வண்டி செய்து பணக்காரரானவர். 1898இல் கூம்பு உருளை பேரிங்குக்கு, அதாவது டேப்பர் பேரிங்குக்கு, காப்புரிமை வாங்கினார். உருளையைக் கூம்பாகச் செய்து, அது ஓடும் கப், கோன் இரண்டையும் அதே சரிவில் சாய்த்து, எல்லாச் சரிவுக் கோடுகளும் ஷாஃப்டின் மையக் கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி செய்தால், உருளை வழுக்காமல் உருளும், பாரத்தையும் தாங்கும், பக்க உதையையும் தாங்கும். தேய்ந்தால் நட்டைக் கொஞ்சம் முடுக்கினால் ஆட்டம் போயிற்று. டேப்பர் பேரிங் பூட்டிய கனத்த வண்டியை இரண்டு சிறிய கோவேறு கழுதைகளைக் கட்டி ஓட்டினார்களாம், மிருகவதை என்று வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம், பேரிங்கின் மகிமையைக் காட்டி விடுவித்தார்களாம். கம்பெனிகள் மலர் போடும்போது இப்படி ஒரு கதை கட்டாயம் இருக்கும். 1899இல் டிம்கன் கம்பெனி பிறந்தது. சில ஆண்டுகளில் ஒஹையோவின் கான்டன் ஊருக்கு மாறியது. டெட்ராய்டின் கார்களும் பிட்ஸ்பர்க்கின் எஃகும் அங்கிருந்து எட்டும் தூரம். 1909இல் டெட்ராய்டில் ஆக்சில் கம்பெனியையே தனியாகத் தொடங்கினார்கள். பேரிங்குக்கு ஏற்ற ஆக்சிலைத் தாங்களே செய்துகொண்டார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டியது.

ஏனென்றால் டேப்பர் பேரிங் கேட்கிற மரியாதை அதிகம். கப், கோன், உருளை மூன்றையும் பதம் ஏற்றி, அரைத்து, ஒத்த சரிவில் கொண்டுவர வேண்டும். ஹவுசிங் நேராக இருக்க வேண்டும். பூட்டுகிறவனுக்கு நட்டை எங்கே நிறுத்துவது என்று கை சொல்ல வேண்டும். அதிகம் முடுக்கினால் சூடேறி நீலம் பாயும், தளர்த்தினால் கத்தும். ஹையாட் கேட்ட மரியாதை மிகக் குறைவு. அக்கம்பக்கத்தார் ஒழுங்காக இருக்க மாட்டார்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்ட பேரிங் அது. 1905இல் அந்தக் கணிப்பு சரி. 1925இல், லேலண்டின் மைக்ரோமீட்டர் எல்லாத் தொழிற்சாலைக்கும் வந்துசேர்ந்த பிறகு, அரைத்த ஷாஃப்டும் துளையிட்ட ஹவுசிங்கும் நேராக நிற்கத் தொடங்கின. பொறுமைக்கு அவ்வளவாக வேலை இல்லை. டி மாடலை நிறுத்திவிட்டு ஃபோர்டு கொண்டுவந்த ஏ மாடலில் பினியனும் டிஃபரன்ஷியலும் டேப்பர் பேரிங்கில் ஏறிவிட்டன.

ஸ்லோன் அதுவரை காத்திருக்கவில்லை. அவர் கவலை வடிவமைப்பைப் பற்றியதல்ல, வாடிக்கையாளரைப் பற்றியது. விற்பனையில் ஏறக்குறைய பாதி ஃபோர்டுக்கு, மீதியில் பெரும்பங்கு ஜெனரல் மோட்டார்ஸுக்கு. இருவரில் ஒருவர் நாளை நாங்களே செய்துகொள்கிறோம் என்றால் ஹாரிசன் ஆலை வெறும் கொட்டகை. ஜெனரல் மோட்டார்ஸை நிறுவிய வில்லியம் டூரன்ட் 1916இல் விலைக்குக் கேட்டு வந்தபோது ஸ்லோன் ஒன்றரைக் கோடி டாலர் சொல்லி, 1 கோடியே 35 லட்சத்துக்குக் கொடுத்தார். பாதி ரொக்கம், பாதி பங்கு. கூட்டாளிகள் பங்கை வாங்கத் தயங்க, அதையும் பெரும்பாலும் ஸ்லோன் தம் தலையில் போட்டுக்கொண்டார். தந்தை போட்ட 5,000 டாலரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். டூரன்ட் ஹையாட்டோடு நியூ டிபார்ச்சர் பால் பேரிங், டெல்கோ, ரெமி ஆகிய பாகக் கம்பெனிகளையும் சேர்த்து யுனைடெட் மோட்டார்ஸ் ஆக்கி ஸ்லோனைத் தலைவராக்கினார். 1918இல் அது ஜெனரல் மோட்டார்ஸில் கலந்தது. 1923இல் ஸ்லோன் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர். ஃபோர்டை முதலிடத்திலிருந்து இறக்கியவர், ஃபோர்டின் பின் ஆக்சிலுக்கு பேரிங் கொடுத்து வளர்ந்தவர்தான்.

ஹையாட் கிழவர் 1920இல் இறந்தார். 200க்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன.

கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாகத் தொடர்ந்தது. 1938இல் அதே மாநிலத்தில் கிளார்க் என்ற ஊரில் புதிய ஆலை எழுந்தது. பின்னாளில் அங்கே பெருமளவில் செய்யப்பட்டது எது தெரியுமா? பின் சக்கர இழுவைக் கார்களுக்கான டேப்பர் ரோலர் பேரிங். பெயர் மட்டும் ஹையாட், உள்ளே ஓடியது டிம்கனின் கூம்பு. பிறகு கார்களே முன் சக்கர இழுவைக்கு மாறின. பின் ஆக்சிலில் கிரவுனும் இல்லை, பினியனும் இல்லை. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையைக் கைவிட, தொழிலாளர்கள் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு தாங்களே அதை வாங்கி ஹையாட் கிளார்க் இண்டஸ்ட்ரீஸ் என்று நடத்திப் பார்த்தார்கள். ஆர்டர் கொடுக்க வேண்டியிருந்தவர் பெரும்பாலும் பழைய முதலாளிதான். 1987இல் மூடிவிட்டார்கள்.

கட்டடங்களை இடித்து, மண்ணைச் சுத்தம் செய்து, அந்த இடத்தில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் போட்டிருக்கிறார்கள். பெயர் ஹையாட் ஹில்ஸ். பில்லியர்ட்ஸ் பந்தில் தொடங்கியவரின் பெயரில் இப்போது அங்கே வேறொரு பந்து உருண்டுகொண்டிருக்கிறது.